எம்.பி.எச். படிக்கலாமா?

பொது சுகாதார முதுகலைப் படிப்பான எம்.பி.எச். பற்றி ஹவுஸ் சர்ஜன் முடித்த தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன். தாராளமாகப் படியுங்கள்.

ஒரு தெருவில் வயிற்றுப்போக்கு பரவினால் ஓ.ஆர்.எஸ். கொடுக்க எல்லா டாக்டருக்கும் தெரியும். நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, எந்தக் குழாயில் சாக்கடை கலக்கிறது என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. அப்புறம் பொறியாளரையும் ஊராட்சித் தலைவரையும் ஒன்றாக உட்காரவைத்து, அன்றைக்கே குளோரின் போட வைக்க வேண்டும். பொது சுகாதாரத்தில் தலைமைப் பண்பு என்று நான் நம்புவது இதைத்தான். இது பழகினால்தான் வரும்; அதற்குத்தான் எம்.பி.எச்.

திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையத்தில் 1997 முதல் எம்.பி.எச். நடக்கிறது. சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2001-இல் தொடங்கிய களப் பயிற்சிப் படிப்பு எனக்கு இன்னும் பிடிக்கும்: கொஞ்ச நாள் வகுப்பு, மீதி நாள் சொந்த மாவட்டத்தில் வேலை. தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்கென்றே தனி இயக்குநரகமும் 1939-ஆம் ஆண்டுச் சட்டமும் இருப்பதால், படித்ததைப் பயன்படுத்தவும் இடம் இருக்கிறது.

எங்கே சேர்ந்தாலும் சரி, களத்தில் எத்தனை மாதம் என்று முதலில் கேளுங்கள். வகுப்பறை மட்டும்தான் என்றால் சேராதீர்கள்.