அமாவாசையன்று ஒரு குகெல்

2024 அக்டோபர் 2. காலையில் மகாளய அமாவாசைப் படையல், காந்தி ஜெயந்திக்குக் கறிக்கடை லீவு, சாயங்காலம் யூதர்களின் புத்தாண்டான ரோஷ் ஹஷானா. கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக்கு மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்தன. தம்பி மனைவி நியூ ஜெர்சியில் பிறந்த யூதப் பெண். அவர்கள் மாதமும் அமாவாசையை ஒட்டியே பிறப்பதால் இப்படி இடிப்பதில் ஆச்சரியம் இல்லை.

அவள் செய்ய நினைத்தது குகெல். வேகவைத்த நூடுல்ஸில் முட்டையும் வதக்கிய வெங்காயமும் கலந்து ஓவனில் வைத்து எடுப்பது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் சமையல். இனிப்பாகவும் செய்வார்களாம், அவள் பாட்டி வீட்டில் உப்பும் மிளகும்தான்.

சிக்கல் முட்டையில். அமாவாசையன்று எங்கள் வீட்டில் கவுச்சி ஆகாது, முட்டையும் அதில் சேர்த்தி. ராத்திரி செய்துகொள்ளலாமே என்றால், அவர்களுக்குப் பொழுது சாய்ந்தால்தான் நாளே பிறக்கும். பண்டிகை பிறந்துவிட்டால் அவள் சுவிட்சைத் தொடமாட்டாள். ஆக, ஆறு மணிக்குள் வேலை முடிய வேண்டும்.

அம்மாவிடம் யார் சொல்வது என்று நானும் தம்பியும் முழித்துக்கொண்டிருக்க, அவளே போனாள். "அத்தை, எங்க வீட்டுலயும் பால் பாத்திரம் வேற, கறிப் பாத்திரம் வேற. கலக்கவே கூடாது. உங்க அடுப்புப் பக்கம் வரமாட்டேன்."

"ஒருத்திக்காவது புரியுதே" என்று அம்மா என்னைப் பார்த்தார். காக்கைக்குச் சோறு வைத்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு, பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மேசை போட்டோம். ஓவன், தட்டு எல்லாம் தம்பி புதிதாக வாங்கி வந்தவை.

400 கிராம் நூடுல்ஸுக்குப் பெரிய வெங்காயம் நான்கு, முட்டை ஐந்து. வெங்காயத்தைத்தான் அவள் லேசில் விடவில்லை. நான் பிரியாணிக்கு வதக்குவதெல்லாம் ஒன்றுமே இல்லை. சிறு தீயில் முக்கால் மணி நேரம், வெல்லப்பாகு நிறம் வரும்வரை கிளறிக்கொண்டே இருந்தாள். எண்ணெய் மட்டும்தான், வெண்ணெய் சேர்த்தால் கறிச் சாப்பாட்டோடு பரிமாற முடியாதாம். முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடி டம்ளரில் உடைத்து, தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ரத்தப் பொட்டு இருந்தால் அந்த முட்டை குப்பைக்கு. வாசற்படி தாண்டாமல் எட்டிப் பார்த்த அம்மா, "சுத்தக்காரி" என்றார். அவர் வாயில் இதற்குமேல் பாராட்டு கிடையாது.

180 டிகிரியில் ஐம்பது நிமிஷம். மேலே நீட்டிக்கொண்டிருந்த நூடுல்ஸ் முனைகள் மொறுமொறுவென்று சிவந்துவிட்டன, உள்ளே மெத்தென்று இருந்தது. ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு இதற்கு வந்தோம். மிளகு தூக்கலாக இருந்தது, எனக்கு அதுதான் பிடித்தது. பிள்ளைகள் மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு மூலைத் துண்டுகளை முதலில் காலி செய்தார்கள்.

அம்மா தொடவில்லை. மறுநாள் நவராத்திரி ஆரம்பம், அதிலும் முட்டை கிடையாது.

"முட்டை இல்லாம வராதா?"

"உதிர்ந்துடும் அத்தை."

"அப்ப விஜயதசமிக்குச் செஞ்சு குடு."

தம்பி காலண்டரைப் புரட்டினான். அக்டோபர் 12 யோம் கிப்பூர். அவளுக்குத் தண்ணீர்கூட இல்லாமல் இருபத்தைந்து மணி நேர விரதம். அம்மாவுக்கோ அன்றைக்குப் புரட்டாசிச் சனி.

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று.