அந்தப் பையைக் கொஞ்சம் காட்டுங்க

பிரஷர் நோயாளிகள் வரும் வெளிநோயாளிகள் பிரிவில் நர்ஸாகச் சேர்ந்த புதிதில் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பேன். "மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" எல்லோரும் தலையாட்டுவார்கள். சீட்டில் டிக் போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன். அந்தக் கேள்விக்கு வேறு பதிலே வராது என்று எனக்குப் புரியச் சில வருடங்கள் ஆயின.

புரியவைத்தவர் எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர். எப்போதும் 150க்கு மேலே நிற்கும் அவருடைய பிரஷர் அன்றைக்கு 100/60. எழுந்தவர் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். "கொஞ்ச நாளாவே எழுந்தா கண்ணை இருட்டுது சிஸ்டர்" என்றார். மாத்திரையில் குறை எதுவும் வைக்கவில்லை என்றும் சொன்னார், அது உண்மைதான். என்னவோ தோன்றி, "ஐயா, அந்தப் பையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன். ரப்பர் பேண்ட் போட்ட அட்டைகளை மேசையில் கொட்டினார். அதில் இரண்டு அட்டைகள், ஒன்று பச்சை, ஒன்று வெள்ளி நிறம், மேலே இருந்த பெயர்களுக்குள் ஒரு சம்பந்தமும் இல்லை. பின்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பொடி எழுத்தைப் படித்தால் ஒன்றில் அம்லோடிபின் என்ற பிரஷர் மருந்து 5 மி.கி., இன்னொன்றில் அதே அம்லோடிபின் 5 மி.கி.யோடு டெல்மிசார்டான் என்ற வேறொரு பிரஷர் மருந்தும் சேர்ந்திருக்கிறது. போன தடவை இரண்டும் சேர்ந்த மாத்திரையாக மாற்றி எழுதியிருக்கிறார்கள். பழையதை நிறுத்திவிடுங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அன்றைக்குச் சீட்டை அவர் கையில் கொடுத்தது நானாகக்கூட இருக்கலாம், அது இன்றும் உறுத்துகிறது.

அதிலிருந்து எல்லோருடைய பையையும் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். மூட்டுவலிக்கென்று கடையில் தாங்களாகவே வாங்கிய டைக்ளோபினாக், ஐபுப்ரோஃபென் அட்டைகள் நிறைய வரும். இவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும், சில பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகளிலும் பிரஷரை ஏற்றுகிற மருந்து இருக்கலாம். இதையெல்லாம் யாரும் மறைக்கவில்லை, அது வலி மாத்திரைதானே, பிரஷருக்கும் அதற்கும் என்ன என்று நினைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

கேள்வியையும் மாற்றிக்கொண்டேன். "வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போகுது?" என்று கேட்டால் விட்டுப்போவது சகஜம்தான் என்று நானே முதலில் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது, அவர்களுக்கும் வாய் திறக்கிறது. ஒரு அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வெளியே போற நாள்ல மட்டும் அந்தச் சின்ன மாத்திரையைப் போட மாட்டேன் சிஸ்டர். வழியில எங்கே ஒதுங்குறது?" அது சிறுநீரை வெளியேற்றும் ஹைட்ரோகுளோரோதயசைட். வாரத்தில் நான்கு நாள் வேலைக்குப் போகிறவர், அந்த நான்கு நாளும் மாத்திரை கிடையாது. டாக்டரிடம் சொன்னோம், வேறு மாத்திரை எழுதினார், விஷயம் முடிந்தது. அதுவரைக்கும் அந்த அம்மா சொன்ன பேச்சைக் கேட்காதவர் என்று எங்களிடம் பெயர் வாங்கியிருந்தார்.

எனாலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரையால் விடாமல் வறட்டு இருமல் வந்தவர்கள், அம்லோடிபினில் கணுக்கால் வீங்கியவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். இரண்டுமே அந்த மருந்துகளால் வரக்கூடியவை, மாற்று மருந்தும் உண்டு, வந்து சொன்னால் போதும். அட்டெனலால், மெட்டோபிரலால் மாதிரி பிரஷர் மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால்தான் எனக்குப் பயம். இதயம் படபடத்து, பிரஷர் எகிறி, இதய நோய் இருப்பவர்களுக்கு நெஞ்சுவலியே வந்துவிடலாம், அதனால் அவற்றை டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். "போன மாசம் நார்மல்னு சொன்னீங்களே, அதான் நிறுத்திட்டேன்" என்பார்கள். நார்மலாக இருந்ததே மாத்திரையால்தான் என்பதை அன்றைக்கு நாங்கள் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டும், ஈடுகட்ட இரண்டாகப் போடவே கூடாது. இதைச் சொல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை.

அளக்கும் விதத்திலும் கொஞ்சம் பிடிவாதமாகிவிட்டேன். வந்ததும் ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிய, பேசாமல் உட்காரவேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், சட்டைக் கையின் மேல் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது தடவையும் எடுப்பேன். அவசரத்தில் எடுத்த ஒரு எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டுவது சரியில்லை. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

பட்டையைக் கழற்றிச் சுருட்டிவைக்கிற அந்த நேரத்தில் நான் அடுத்தவரைக் கூப்பிடுவதில்லை. பெரும்பாலும் அப்போதுதான், செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னொண்ணு சொல்லணும் சிஸ்டர்..." என்று ஆரம்பிப்பார்கள்.