கியூடெக்ஸ் கோடு

"அண்ணா, பின் சைட் அசையுற மாதிரிக் கிடக்கு."

"சைட் இல்ல தங்கச்சி, நீங்க ட்ரிகரைப் பிடிச்சு இழுக்கிறீங்க."

சுடுற ரேஞ்சில, பிஸ்டலில குறி பாக்கிற பின்பக்கத் துண்டைப் பத்திக் கதைச்சது இவ்வளவுதான். பத்து செக்கன் கூட வராது. ஒண்டரை வருசம் ஆகுது, இன்னும் பஸ்ஸில வரேக்க சும்மா இருந்தால் இதுதான் ஓடும், அதுவும் அந்தப் பிள்ளை சொன்னதை விட நான் சொன்ன விதம்தான். சிரிச்சுக்கொண்டு சொன்னனான்.

அப்ப ஏன் அப்பிடிச் சொன்னன் எண்டால், கையில அவவின்ர டார்கெட் பேப்பர் இருந்தது. வலது கைக்காரி, ஓட்டைகள் கீழ இடது பக்கம். ரேஞ்சில நிக்கிற யாரைக் கேட்டாலும் ட்ரிகர் எண்டுதான் சொல்லுவினம், மெதுவா அமத்தாமல் வெடுக்கெண்டு இழுக்கிறது. மற்றது, அவ உண்மையாவே இழுக்கிற ஆள்தான், மூண்டு மாசமாப் பாக்கிறன். அதால நான் சொன்னது பொய் இல்ல. சொன்ன நேரத்தில பொய் இல்ல, அதை இங்க எழுதி வைக்கிறன்.

பின்னேரம் எல்லாரும் போனாப்பிறகு துவக்குகளைத் துடைச்சு உள்ள வைக்கேக்கதான் பாத்தன். நான் ஸ்குரூத் தலையில இருந்து சைட் உடம்பு வரைக்கும் கியூடெக்ஸால ஒரு மெல்லிய கோடு போட்டு விடுறனான், ஸ்குரூ திரும்பினால் கோடு முறிஞ்சு காட்டும். சிவப்புக் கோடு முறிஞ்சு, தலையில இருந்த பாதி கால் சுத்து தள்ளிப் போயிருந்தது. பெருவிரலால அமத்தினன், சைட் ஆடிச்சு. பெருசா இல்ல, ஒரு மயிரளவு. ஆனா இந்த மயிரளவுக்கு என்ன விலை எண்டு எனக்குத் தெரியாமலில்ல. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையில 220 மில்லிமீட்டர், டார்கெட் 25 மீட்டரில, கணக்குப் பாத்தால் இங்க 0.1 மில்லிமீட்டர் அசைஞ்சால் அங்க 11 மில்லிமீட்டர். டார்கெட்டின்ர நடுவில இருக்கிற பத்துப் புள்ளி வட்டமே 50 மில்லிமீட்டர்தான், நடுவில இருந்து விளிம்புக்கு 25. இங்க 0.2 அசைஞ்சால் நடுப் பத்துக்குப் போக வேண்டியது விளிம்பில போய் நிக்கும், பிள்ளை மூச்சைப் பிடிச்சு எவ்வளவு வடிவாச் சுட்டாலும்.

அந்த ஸ்குரூ முதல் நாள் பின்னேரம் ஆறு மணிக்கு நான் இறுக்கினது. வேற ஆள் இல்ல.

என்ன பிழை விட்டன் எண்டு பிறகு வடிவா யோசிச்சுப் பாத்தன். ஸ்குரூ கழராமல் பிடிக்கிற பசை, லொக்டைட் 222 தான் போட்டனான், ஊதா நிறம், சின்ன ஸ்குரூவுக்கு எண்டே வாறது. கொழும்பில பஞ்சிகாவத்தைக் கடையளில போய்க் கேட்டால் நீலத்தை அல்லது சிவப்பைத்தான் தூக்கித் தருவாங்கள். நீலம் பரவாயில்ல எண்டு வைப்பம், சிவப்பு இந்த அளவு ஸ்குரூவுக்குப் போட்டால் பிறகு கழட்ட 250 பாகை செல்சியஸ் வரைக்கும் சூடாக்க வேணும், அதுக்குள்ள எலன் கீ ஸ்குரூத் தலையைத் திண்டு போடும். ஆக மருந்து சரிதான். ஆனா போட முதல் அந்த இடத்துக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடிச்சனான், அடிச்சிட்டுத் துணியால துடைச்சன், துணியால துடைச்சாப் போல புரிக்குள்ள போன எண்ணெய் வெளியில வருமே? அசிட்டோன் போட்டுக் கழுவியிருக்க வேணும். இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிஞ்ச விசயம், எனக்கும் தெரியும், அண்டைக்கு அவசரம்.

மற்றது நேரம். அந்த மருந்து காத்துப் படாமல், இரும்போட ஒட்டி இருந்தால்தான் இறுகும், முழுசா இறுக 24 மணித்தியாலம் வேணும். பிள்ளை அடுத்த நாள் காலமை எட்டு மணிக்குச் சுடத் தொடங்கிட்டா. 14 மணித்தியாலம். எண்ணெயோ நேரமோ எது காரணம் எண்டு இப்பவும் தெரியேல்ல, ரெண்டும் என்ர தலையிலதான் விழுது, பிறகு எது எண்டு பாத்து என்ன.

.22 ரிம்ஃபயர்தானே, சின்ன வெடி, அதுக்கு ஏன் ஸ்குரூ கழருது எண்டு கேக்கிறவை இருக்கினம். உதை பெருசோ சின்னனோ எண்டதில்ல, பக்கவாட்டில நடக்கிற சின்னச் சின்ன வழுக்கல்தான் ஸ்குரூவைத் திருப்புறது, யுங்கர் எண்ட ஜேர்மன்காரர் 1969இல மெசின் வச்சே காட்டினவர். ஒவ்வொரு வெடிக்கும் பிஸ்டலுக்குள்ள இருக்கிற போல்ட் பின்னுக்கு ஒருக்கா முன்னுக்கு ஒருக்கா அடிக்குது, ஒரு மட்ச் எண்டால் 60 வெடி, பயிற்சியில அதைவிடக் கூட. ஸ்ப்ரிங் வாஷர் போட்டாலும் பெருசா நிக்காது. சும்மா பலமா இறுக்கிறதும் மருந்தில்ல, அலுமினியப் புரி உரிஞ்சு போனால் சைட்டை மறக்க வேண்டியதுதான்.

சரி, விசயத்துக்கு வாறன். அண்டைக்கே கழட்டி, அசிட்டோனில கழுவி, காய விட்டு, ஒரு துளி போட்டு, எலன் கீயின்ர கட்டைப் பக்கத்தால ரெண்டு விரலில இறுக்கி, ரெண்டு நாள் ஒருத்தரும் தொடக்கூடாது எண்டு டாக் கட்டினன். புத்தகத்தில "பின் சைட் சேர்விஸ்" எண்டு எழுதினன். கழண்டிருந்தது எண்டு எழுதேல்ல. பிள்ளைக்கும் சொல்லேல்ல.

நாளைக்குச் சொல்லுவம் எண்டுதான் இருந்தது, சத்தியமா. ஆனா அடுத்த நாள் அவ வந்து "நீங்க சொன்னது சரி அண்ணா, ராத்திரி முழுக்க அதைத்தான் யோசிச்சன்" எண்டு சொன்னா. அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுறது? வேற துவக்கு ஒண்டு எடுத்துக் குடுத்து, வெடி போடாமல் பழக, ஊசி சேம்பர் விளிம்பில அடிபடாமல் சுவருக்கு அடிக்கிற மஞ்சள் ரோல் பிளக் ஒண்டை உள்ள வச்சு, முன் சைட்டில ஒரு ரூபாக் குத்தியை நிக்க வச்சு, குத்தி விழாமல் ட்ரிகர் இழுக்கப் பழக்கினன். ரெண்டு கிழமை. ஒவ்வொரு நாளும் வேலை முடிஞ்சு கொட்டாஞ்சேனையில இருந்து வந்து செய்தா. மார்க்ஸ் கூடிச்சு, உண்மையாவே கூடிச்சு. அதாலதான் சொல்லுறன், நான் சொல்லாமல் விட்டது அவவுக்கு நன்மையாத்தானே முடிஞ்சது. சைட் எண்டு சொல்லியிருந்தால் ட்ரிகரைத் திருத்தியிருக்கவே மாட்டா.

இதை எனக்கு நானே எத்தினை தரம் சொல்லியிருப்பன்.

ஆனா அந்தப் பேப்பர் இன்னும் என்ர லாச்சிக்குள்ள கிடக்கு. எறிய மனம் வரேல்ல. திருப்பி எடுத்துப் பாக்கேக்க விளங்குது, ஓட்டைகள் எல்லாம் கீழ இடது இல்ல. அங்க ஒரு கூட்டம், மேல வலப் பக்கம் தனியா இன்னொரு சின்னக் கூட்டம், அஞ்சு ஓட்டை. ட்ரிகர் இழுக்கிறவைக்கு ஓட்டைகள் பரவும், இப்பிடி ரெண்டாப் பிரிஞ்சு நிண்டால் முதல் சைட்டைத்தான் பாக்க வேணும், புதுசா வாற பெடியளுக்கு நானே சொல்லிக் குடுக்கிறது. அண்டைக்கு எனக்கு அந்த அஞ்சும் கண்ணில படேல்லையோ, பட்டும் விட்டனோ. முதல் நாள் இறுக்கினது நான் எண்டதால சைட் எண்ட யோசினையே வராமல் போச்சோ.

போன மாசம் அவ அந்தப் பிஸ்டலைத் திருப்பி எடுத்தா. சைட்டைக் கிட்டப் பிடிச்சுப் பாத்திட்டு, "அண்ணா, இதில கோடு முந்திச் சிவப்பெல்லோ, இப்ப ஏன் நீலம்?" எண்டு கேட்டா. ஒரு ஸ்குரூவைத் திருப்பிக் கழட்டினால் நிறம் மாத்துறது என்ர பழக்கம், ஒருத்தருக்கும் சொல்லாத பழக்கம், எனக்கு அடையாளத்துக்கு.

"சிவப்பு முடிஞ்சுது" எண்டன்.

அவ "ஓ" எண்டிட்டு லேனுக்குப் போயிட்டா. சிவப்புப் போத்தல் மேசையில, அவவின்ர கைக்குப் பக்கத்தில, அரைவாசிக்கு மேல கிடந்தது.