தூர் வாரினால்தான் காடு

சிதம்பரம் அருகே பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு (கடலோரச் சதுப்புநிலக் காடு) அழிந்ததற்கு விறகு வெட்டுகிறவர்களையும் மாடு மேய்க்கிறவர்களையும் கைகாட்டுவது வெகுநாள் வழக்கம். நிலத்தில் இறங்கிப் பார்த்தால் கதை வேறு. பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி 1970கள் வரை அரசுத் திட்டப்படியே காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். வெயில் பட்டுச் சேற்றுமண் சுருங்க, நிலம் நடுவில் குழிந்துபோனது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், ஏறிய நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு மண்டியது. உப்பைத் தாங்கும் உமரிச் செடி தவிர அங்கே எதுவும் பிழைக்காது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமங்களைச் சேர்த்துக்கொண்டு மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. நடுவில் தாய் வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஓதம் வந்து போகப் போக உப்பு இறங்கும். வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரக்கன்றை வாய்க்கால் சரிவில் பாதி உயரத்தில் ஊன்ற வேண்டும். மேலே ஊன்றினால் காயும், கீழே ஊன்றினால் மூழ்கும்.

நாற்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ள நிறையப் பேர் வருவார்கள். காடு பிழைப்பது தூர் வாருவதால். ஓதம் வண்டலையும் சேர்த்தே கொண்டுவரும். முதல் சில ஆண்டுகள் வாராமல் விட்டால் வாய்க்கால் அடைத்துக்கொள்ளும், உப்பு திரும்பிவிடும். 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைந்ததைப் பார்த்தவர்களிடம் காடு எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. யார் வாருவது, கூலி யார் தருவது என்பதில்தான் கிராமக் குழுக் கூட்டம் இழுக்கும்.

இங்குள்ள இருளர் பழங்குடியினர், பிடித்ததைப் போடும் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஓடைத் தண்ணீரில் கையால் தடவியே இறால் பிடிப்பவர்கள். எந்த ஓடையில் வண்டல் ஏறியிருக்கிறது என்று அவர்கள் விரலுக்குத் தெரியும். அவர்களை ஓரமாக உட்காரவைக்கும் குழுவைக் கூட்டுக் குழு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒருமுறை ஓர் அக்கா எழுந்து, "புள்ளைங்களுக்குச் சாதிச் சான்றே கெடைக்கல சார், காட்டுக்குக் காவல் மட்டும் நாங்களா?" என்று கேட்டார். அன்று வாய்க்கால் பேச்சை நிறுத்திவிட்டு எல்லாருமாக மனு எழுதினோம். மீனவர் பெரியவர் ஒருவர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகுதான் தூர் வாரும் முறைப்பட்டியல் பேச்சே நகர்ந்தது.

2022இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது. எங்களுக்கெல்லாம் பெருமை. அந்தப் பெருமையோடு, தூர் வாரும் கூலிக்கென்று தனியாக, ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். நடவுக்கு வரும் நிதியில் மிச்சம் பிடித்துக் கொடுத்தால் அது எட்டாது.