மூடி இல்லாத கருவிகள்

நமக்கு ஒளியியல் நடத்திய பேராசிரியர் காலமாகிவிட்டார் என்ற செய்தி, மூடியைத் திறந்தால் வாரண்டி செல்லாது என்று எச்சரிக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர்களோடு (பொருள்கள் ஒளியை உறிஞ்சும் அளவைக் காட்டும் கருவிகள்) டொராண்டோவில் பிழைப்பு நடத்தும் எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. அவர் இருந்தவரை நம் ஆய்வகத்தில் மூடிய கருவி என்று ஒன்று இருந்ததில்லை. ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரின் தொலைநோக்கியை ஜன்னலுக்கு வெளியே தென்னைமரத்தில் குவியப்படுத்தி, ஸ்பிரிட் லெவலோடு மல்லுக்கட்டி முடிக்கும் முன்பே ஒளி நுழையும் பிளவைத் திருகியவர்களின் ரெக்கார்டு நோட்டு என்ன கதியானது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சோடியம் விளக்கு முதலில் நியானால் சிவந்து, சூடேறிய பிறகே மஞ்சளாகும். அந்தச் சில நிமிடங்களில், மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த சி. வி. ராமன் முப்பட்டகத்தின் கோணத்தை அளந்தபோது கண்ட சமச்சீரற்ற விளிம்பு விளைவுப் பட்டைகளை (ஒளி விளிம்புகளில் வளைவதால் தோன்றுபவை) பற்றியே 1906-இல் தம் முதல் கட்டுரையை எழுதினார் என்பதைப் பேராசிரியர் ஆண்டுதோறும் சொல்வார். நாமும் ஆண்டுதோறும் கொட்டாவி விட்டோம். ஆனால் நெருக்கமான நுண்கோடுகளால் ஒளியைப் பிரிக்கும் கீற்றணியின் இரண்டாம் வரிசை நிறமாலையில் அந்த மஞ்சள் 589.0, 589.6 நானோமீட்டர் என்று இரு கோடுகளாகப் பிரிந்தபோது எவரும் கொட்டாவி விட்டதாக நினைவில்லை.

கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சை படரும் லென்ஸ்களை அவரே துடைப்பார். மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 600 கோடுகள் கொண்ட கீற்றணியை மட்டும் தாமும் துடைத்ததில்லை, பிறரையும் விட்டதில்லை. விரல் பட்ட எண்ணெயைத் துடைக்கப்போனால் கோடுகளும் கூடவே போய்விடும், ரப்பர் பல்பால் தூசியை ஊதலாம், அவ்வளவுதான். 280 நானோமீட்டர் புற ஊதா அளவீட்டுக்குக் குவார்ட்ஸுக்குப் பதிலாகச் சாதாரணக் கண்ணாடிக் குவளையை வைத்த நம் வகுப்பின் முதல் மாணவரிடம், "தம்பி, அந்தச் சுவத்தையும் வெச்சு ஒரு ரீடிங் எடுத்துப் பாரு" என்றார். புற ஊதாவைக் கண்ணாடி விழுங்கிவிடும் என்பதை அதற்குப் பிறகு யாரும் மறக்கவில்லை.

விடைபெறப் போன என்னிடம், "கருவி வாங்குறவனா ஆயிடாதே, செய்யறவனா திரும்பி வா" என்றார். சரி என்று தலையாட்டினேன். இன்றுவரை கொள்முதல் படிவங்களில்தான் கையெழுத்திட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் நினைவாகக் கல்லூரிக்குப் புதிய ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் ஒன்றை வழங்க நம் முன்னாள் மாணவர் சங்கம் நிதி திரட்டுகிறது; என் பங்கை அனுப்பிவிட்டேன். எனினும், 1000, 2000 மணி நேரமே உழைக்கும், புற ஊதா ஒளி தரும் டியூட்டீரியம் விளக்கை மாற்றவும் உள்ளிருக்கும் ஆடிகளை ஈரத்திலிருந்து காக்கவும் தெரிந்த ஒருவருக்குச் சம்பளமாக அதில் ஒரு பகுதியை ஒதுக்காவிட்டால், சில மழைக்காலங்களிலேயே அதுவும் உறை போர்த்தி மூலையில் ஒதுங்கிவிடும் என்பதைச் செயற்குழு கருத்தில் கொள்ள வேண்டும்.