"டெய்லருக்கெல்லாம் ட்ரைனிங் குடுங்க"

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை எனக்கு. ட்ரைனிங்கும் என் பொறுப்புதான். வருஷத்துக்கு ஒருமுறை டிபார்ட்மென்ட் ஹெட்களுக்கு ஒரு ஃபார்ம் போகும்: "உங்கள் பிரிவுக்கு என்ன பயிற்சி தேவை?" எக்செல், லீடர்ஷிப், ஸ்போக்கன் இங்கிலீஷ், ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் என்று எழுதி வரும். பையரின், அதாவது எங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற கம்பெனியின், ஆடிட்டர் வந்தால் காட்ட ஒரு காலண்டர் வேண்டும். தீயணைப்பு, முதலுதவி, கெமிக்கல் கையாளுதல் ஆகியவற்றோடு இதையும் சேர்த்தால் காலண்டர் நிரம்பிவிடும். கம்பெனியின் எந்தப் பிரச்சினைக்கும் அந்த ஃபார்முக்கும் சம்பந்தம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

போன சீசனில் அடுத்தடுத்து இரண்டு ஆர்டர் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் ஃபெயில் ஆனது. திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. 6,000 பீஸ் இருக்கிற லாட்டில் வழக்கமாக 200 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். ஏ.க்யூ.எல். (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற அளவு) 2.5 என்றால் அதில் பெரிய குறை 10 வரை பாஸ். 11 ஆகிவிட்டால் லாட் மொத்தமும் ஃபெயில். கட்டி வைத்த அட்டைப்பெட்டியை எல்லாம் பிரித்து ஒவ்வொரு பீஸாகத் திரும்பச் செக் பண்ண வேண்டும். அது முடிவதற்குள் தூத்துக்குடியில் கப்பல் போய்விடும். அப்புறம் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு நம் தலையில். ஆர்டரில் வரவேண்டிய லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

எம்.டி. கூப்பிட்டுவிட்டார். "ஏனுங்க மேடம், டெய்லருக்கெல்லாம் ட்ரைனிங் குடுங்க. கோயமுத்தூர்ல இருந்து ஆளக் கூட்டிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் உக்கார வெச்சுப் பேசச் சொல்லுங்க." கொட்டேஷன்கூட வாங்கி வைத்திருந்தார். அடுத்த ஆர்டர் லைனில் ஏறும் வரைக்கும் டைம் குடுங்க, எதுக்கு ட்ரைனிங் என்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன். முகம் சுளித்தார், ஆனால் கொடுத்தார்.

முதலில் செக்கிங் ரிப்போர்ட்டை எடுத்தேன். அன்றன்றைய ஆல்டர் (குறையைச் சரிசெய்யத் திருப்பி அனுப்பும் பீஸ்) எத்தனை என்ற கணக்கு சுத்தமாக இருந்தது. "குறையின் வகை" என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக ஒரே வார்த்தை: ஸ்டிச்சிங். எந்த இடத்தில், எந்த மெஷினில், எத்தனை மணிக்கு என்று ஒன்றும் இல்லை. இதை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

எங்கள் செக்கர் பெண்களுக்கு ஃபார்ம் நிரப்ப நேரம் கிடையாது. அதனால் ஒரு தாளில் டி-ஷர்ட் படத்தை முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் பெரிதாக வரைந்து, மேசைக்கு ஒன்று வைத்தேன். எங்கே குறையோ படத்தில் அங்கே ஒரு புள்ளி, பக்கத்தில் மெஷின் நம்பர். மதியச் சாப்பாடு வரைக்கும் நீலப் பேனா, அதற்குப் பிறகு சிவப்பு, ஐந்தரைக்கு மேல் ஓடுகிற அரை ஷிப்டுக்குக் கறுப்பு. எழுதச் சொல்லியிருந்தால் யாரும் செய்திருக்க மாட்டார்கள். புள்ளி வைப்பதில் ஒரு விளையாட்டு சேர்ந்துகொண்டது.

சில நாளிலேயே தாள் பேச ஆரம்பித்துவிட்டது. புள்ளிகள் உடம்பு முழுக்கப் பரவவில்லை, மூன்று இடத்தில் குவிந்திருந்தன. அடிமடிப்பில் சைடு சீம் (பக்கவாட்டுத் தையல்) குறுக்கே வருகிற இடத்தில் ஸ்கிப், அதாவது தையல் விட்டுப்போவது. கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வைக்கிற, இழுபடும் பட்டை) அலையலையாக நிற்பது. தையலை ஒட்டிச் சின்னச் சின்ன ஓட்டை. நிறமும் கதை சொன்னது: ஸ்கிப் மூன்று நிறத்திலும் ஒரே மாதிரி இருந்தது, ஆனால் அடிமடிப்புத் தைக்கிற இரண்டு பேட்லாக் மெஷின் நம்பர்தான் திரும்பத் திரும்ப வந்தது. ஓட்டை காலையில் குறைவாகவும், கறுப்பு மையில் அள்ளிக் கொட்டியும் இருந்தது. கழுத்துக் குறை தீபாவளிக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களின் மெஷினில் மட்டும்.

பிறகுதான் லைனில் போய் நின்றேன். அந்த இரண்டு பேட்லாக் மெஷினில் ஒன்றில் இருந்த அக்கா பல்லடம் பக்கத்திலிருந்து வருகிறவர், கல்யாணத்துக்கு முன்பிருந்தே தையல்தான் தொழில். சைடு சீம் வருகிற இடத்தில் துணி திடீரென்று தடிக்கும், ஊசி லேசாக வளையும், அடியில் இருக்கிற லூப்பர் என்ற கொக்கி நூலைப் பிடிக்காமல் விட்டுவிடும். "அந்த எடத்துல மெதுவா கையில சுத்தித்தான் ஓட்டோணும் மேடம். ஒவ்வொரு பீஸுக்கும் அப்படிப் பண்ணுனா டார்கெட் எப்படிங்க வரும்?" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல், அதே பண்டிலைப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து ஓட்டித்தரச் சொன்னேன். ஒரு ஸ்கிப் இல்லை. பக்கத்து மெஷின் பெண்ணை இவருடைய மெஷினில் உட்கார வைத்தேன். ஸ்கிப் வந்தது. குறை ஆளோடு போகவில்லை, மெஷினோடுதான் உட்கார்ந்திருந்தது. லூப்பர் செட்டிங் சரியில்லை என்று அவர் மெக்கானிக்கிடம் எப்போதோ சொல்லிவிட்டார். மூன்று மாடிக்கும் மெக்கானிக் ஒருவர்தான்.

ஆளை மாற்றி உட்கார வைப்பதற்கு ஒரு பைசா செலவில்லை. எந்தப் பயிற்சிக் கோரிக்கை வந்தாலும் இப்போது நான் முதலில் செய்வது இதைத்தான்.

ஓட்டை விஷயத்தில்தான் அதிக நேரம் செலவழித்தேன், ஏனென்றால் மேலோட்டமாகப் பார்த்தால் அது "கவனக்குறைவு" போலவே தெரியும். மாலையில் களைப்பு, கவனம் போகிறது, மோட்டிவேஷன் கிளாஸ் வைக்கலாம் என்றுகூட புரொடக்ஷன் மேனேஜர் சொன்னார். உண்மையில் நடந்தது வேறு. நிட்டிங் துணியில் ஊசி நூலைக் குத்தக்கூடாது, கண்ணிகளுக்கு நடுவே விலக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அதற்காகத்தான் முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி. முனை மழுங்கினாலோ, துணிக்குத் தகாத நம்பர் போட்டாலோ கண்ணி அறுந்து ஓட்டை விழும். சில சமயம் அயர்ன் பண்ணும்போதுதான் கண்ணுக்கே தெரியும். இது தெரியாத டெய்லர் திருப்பூரில் கிடையாது. ஒருவரிடம் கேட்டதற்கு, "ஊசி மழுங்குனா ஓட்ட உழும்னு எங்கூட்டுப் பாப்பாவுக்கே தெரியுங்க" என்றார்.

தெரிந்தும் ஏன் மாற்றவில்லை? ஸ்டோருக்குப் போய்ப் பார்த்தால் புரிந்தது. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடிக் கொண்டுவந்து, ரெஜிஸ்டரில் ஒட்டி, சூப்பர்வைசர் கையெழுத்து வாங்கினால்தான் புதிய ஊசி. குழந்தை உடுப்பில் ஊசித்துண்டு போய்விடக்கூடாது என்பதற்கான விதி அது, அவசியமானதும்கூட. ஆனால் மழுங்கின ஊசிக்கும் எங்களிடம் அதே வரிசை, அதே கையெழுத்து. சூப்பர்வைசர் லைனின் மறுகோடியில் இருப்பார். போய் வருவதற்குள் பத்து நிமிஷம். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு அந்தப் பத்து நிமிஷம் கைக்காசு. அதனால் ஊசி தானாக உடையும் வரைக்கும் அதே ஊசிதான் ஓடும், மாலைக்குள் முனை போய்விடும். போதாக்குறைக்கு, முந்தைய ஃப்ளீஸ் (தடித்த துணி) ஆர்டருக்குப் போட்டிருந்த 14-ம் நம்பர் ஊசி சில மெஷின்களில் அப்படியே கிடந்தது. இப்போது ஓடுவது மெல்லிய சிங்கிள் ஜெர்சி, 9-ம் நம்பர் போட வேண்டிய துணி. இதற்கு எந்த ட்ரைனரைக் கூட்டிவந்து என்ன பேசச் சொல்வது?

கழுத்து ரிப் மட்டும் நிஜமாகவே பயிற்சி சம்பந்தப்பட்டது. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் பலர் திரும்பி வருவதில்லை. அந்த இடத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஒடிசா, பீகார்ப் பையன்கள். நேர்த்தையல் நன்றாகவே போடுகிறார்கள். ரிப்பை எவ்வளவு இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும் என்ற கைப்பக்குவம்தான் வரவில்லை. மெஷினை மாற்றிப் பார்த்தேன், குறையும் அவர்களோடு கூடவே வந்தது.

அவர்களிடம் பேச, நல்ல தமிழ் பேசுகிற ஒரு சீனியர் ஒடியா டெய்லரைக் கூட வைத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் இல்லாத டீ டைமில்தான் பேசினேன். அவர் பக்கத்தில் இருந்தால் எல்லாமே "டீக் ஹை" (சரிதான்) என்பதுதான். ஆல்டர் வந்தால் என்ன தப்பு என்று யார் சொல்வார்கள் என்று கேட்டதற்கு, யாரும் சொல்வதில்லை, மறுநாள் காலையில் மெஷின் பக்கத்தில் மூட்டை கிடக்கும் என்றார்கள். நேற்றுத் தைத்த பீஸ், இன்று ஸ்டிக்கரோடு திரும்பி வருகிறது. எந்தக் கையசைவில் தப்பு வந்தது என்று அதைப் பார்த்து யாருக்கு நினைவு வரும்? சூப்பர்வைசர்கள் பொல்லாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களும் நேற்றுவரை டெய்லராக இருந்தவர்கள்தான். நன்றாகத் தைக்கிறார் என்று லைனைக் கையில் கொடுத்துவிட்டோம். இன்னொருவர் கையைத் திருத்துவது எப்படி என்று எவரும் காட்டவில்லை.

கடைசியாக செக்கர்களைப் பார்த்தேன். பயிற்சி வேண்டும் என்று யார் போட்ட பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை, ஆனால் புள்ளித்தாளே அவர்கள் கையால் வந்ததுதான். முப்பது பீஸை எடுத்து, க்யூ.ஏ. மேனேஜரிடம் எது பாஸ், எது ஆல்டர் என்று ரகசியமாகக் குறித்து வாங்கிக்கொண்டேன். செக்கர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கொடுத்தேன். மறுநாள் அதே பீஸ்களை வரிசை மாற்றி மறுபடி கொடுத்தேன். ஒருவர் சொன்னதற்கும் இன்னொருவர் சொன்னதற்கும் பொருந்தவில்லை. அதைவிட, நேற்று பாஸ் பண்ணிய பீஸை இன்று அதே ஆள் ஆல்டர் என்றார். ஸ்கிப், ஓட்டை எல்லாம் பிடித்துவிடுகிறார்கள். ரிப் எவ்வளவு அலைந்தால் பரவாயில்லை, ஷேட் எவ்வளவு மாறினால் தள்ள வேண்டும் என்கிற இடத்தில்தான் தடுமாற்றம். பையரின் குவாலிட்டி மேனுவலில் படத்தோடு இருக்கிறது. அது பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசரின் கம்ப்யூட்டரில், ஆங்கிலத்தில், பி.டி.எஃப். ஆகத் தூங்கிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி எம்.டி.யிடம் கொண்டுபோனேன். நிறுவனம், வேலை, ஆள் என மூன்று மட்டத்தில் பயிற்சித் தேவையைப் பார்க்க வேண்டும் என்று மெக்கீயும் தேயரும் 1961-லேயே சொல்லிவிட்டார்கள், எம்.பி.ஏ.வில் படித்ததுதான். அதையெல்லாம் அவரிடம் பேசவில்லை. ஆல்டருக்குப் போகிற மெஷின் நேரம், ரீசெக்கிங் கூலி, விமானச் செலவு மூன்றையும் ரூபாயில் போட்டு, அதற்கு எதிரில் காரணத்தை எழுதினேன். பாதிக்கு மேல் ஊசியும் மெக்கானிக்கும்.

"அப்ப டெய்லருக்கு ட்ரைனிங் வேண்டாம்கறீங்களா? உங்கள எதுக்குங்க வெச்சிருக்கறேன்?" என்றார். சிரித்துக்கொண்டு கேட்டாரா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளாஸ் வைத்தால் அத்தனை பேருக்கும் சம்பளம், சாப்பாடு, ட்ரைனர் ஃபீஸ். திங்கட்கிழமை அதே மழுங்கின ஊசியில்தான் உட்காருவார்கள் என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டேஷன் மடங்கி டிராயருக்குள் போனது.

ஷிப்டுக்கு இரண்டு தடவை ஊசி வண்டி லைனுக்கே வர ஆரம்பித்தது: பழைய ஊசியைக் கொடு, புதியதை வாங்கு, கையெழுத்து வேண்டாம். உடைந்த ஊசிக்கு மட்டும் பழைய ரெஜிஸ்டர். மெஷின் டீலரின் சர்வீஸ் ஆள் வந்து எங்கள் மெக்கானிக்குக்கும், கை சுறுசுறுப்பான ஒரு ஹெல்பர் பையனுக்கும் பேட்லாக் லூப்பர் செட்டிங் காட்டிக்கொடுத்தார். புதுப் பையன்களுக்குக் காலையில் அரை மணி நேரம், கழிவுத் துணியில், அனுபவமுள்ள ஓவர்லாக் டெய்லர் பக்கத்தில் நின்று ரிப் பிடித்துக் காட்டுவார். அந்த அரை மணிக்கு அந்த டெய்லருக்குத் தனியாகக் காசு. இல்லாவிட்டால் யாரும் வர மாட்டார்கள். செக்கர் மேசைகளுக்கு மேல் பாஸ், ஆல்டர் மாதிரிப் பீஸ்கள் தொங்குகின்றன. சூப்பர்வைசர்களோடு உட்கார்ந்தது இரண்டு விஷயத்துக்குத்தான்: ஆல்டர் பீஸ் அதே மணி நேரத்துக்குள் தைத்தவர் கைக்குப் போக வேண்டும், போகும்போது வாயால் திட்டாமல் கையால் தைத்துக் காட்ட வேண்டும். முதல் பாதி சீக்கிரம் பழகிவிட்டது.

இதில் ஒரு கூத்து நடந்தது. எல்லாம் ஆரம்பித்த கொஞ்ச நாளில் ஆல்டர் எண்ணிக்கை ஏறிவிட்டது. எம்.டி. போன் போட்டு, "ட்ரைனிங் குடுத்ததுக்கு அப்புறம் டேமேஜ் ஜாஸ்தியாயிருச்சே மேடம்" என்றார். செக்கர்கள் முன்பு விட்ட குறையையும் இப்போது பிடிக்கிறார்கள், அதுதான் காரணம். லைனில் பிடிபட்ட எண்ணிக்கையையும் பேக்கிங்குக்கு முன்னால் பிடிபட்டதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்: முதலாவது ஏறியிருந்தது, இரண்டாவது இறங்கியிருந்தது. இதை முதல் நாளே அவரிடம் சொல்லி வைப்பது நல்லது என்று இதே வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்வேன்.

அடுத்த ஆர்டர் பாஸ் ஆனது. அதை முழுக்க எங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது, துணி கொஞ்சம் தடிமனானது, ஸ்டைலும் சுலபம். ஒப்பிட்டுப் பார்க்க, எதையும் மாற்றாத மேல்மாடியிலும் அதே டி-ஷர்ட் படத்தாளை வைத்திருந்தோம். அங்கே மாலை நேர ஓட்டை பழைய மாதிரியே இருந்தது, எங்கள் மாடியில் அனேகமாக மறைந்துவிட்டது. ஊசி வண்டியை மேலேயும் அனுப்ப அந்தத் தாள் போதுமானதாக இருந்தது.

மெஷின் ரிப்பேர் ஆகும் நேரத்துக்கு பீஸ் ரேட் டெய்லர்களுக்குக் காசு கொடுங்கள் என்று கேட்டதை மட்டும் எம்.டி. ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் லூப்பர் கொஞ்சம் விலகியிருந்தாலும் மெக்கானிக்கைக் கூப்பிடாமல் கையால் சுத்திச் சமாளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்த மெஷின் நம்பர்கள் தாளில் தொடர்ந்து வருகின்றன. போனஸ் பேசும்போது பார்க்கலாம் என்றிருக்கிறார். அதற்குள் அந்தக் காத்திருப்பு நேரத்துக்கும் ஒரு கணக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.