முதலில் வருவது மாதமா, நாளா?

“கணினி போட்ட வட்டி டீச்சர், அதில் தப்பு வராது.”

2010 அக்டோபர் முதல் வாரத்தில் எங்கள் வங்கிக் கவுன்டரில் நின்றுகொண்டு நான் சொன்னது இது. எதிரே நின்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பாஸ்புத்தகத்தோடு ஒரு துண்டுத்தாளையும் நீட்டினார். அதில் பென்சிலால், கோடு கிழித்து, ஒரு பெருக்கல் கணக்கு. “ஏப்ரலிலிருந்து தினசரி இருப்புக்கு வட்டி என்று பேப்பரில் வந்ததே சார், எனக்குப் பழையபடிதான் விழுந்திருக்கிறது போலிருக்கிறது” என்றார். தாளின் மேல் கண்ணை ஓட்டினேன், படிக்கவில்லை. அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அப்போதுதான் அந்தப் பதிலைச் சொன்னேன். “நீங்கள் சொன்னால் சரியாகத்தான் சார் இருக்கும்” என்று புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தாள் மட்டும் கவுன்டரிலேயே கிடந்தது.

அவர் போட்டிருந்த கணக்கு சரி. கணினி போட்டதுதான் தப்பு.

பழைய முறையில், மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் சேமிப்பு வட்டி. 2010 ஏப்ரல் 1 முதல் அன்றாட இருப்புக்கு வட்டி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. விகிதம் அதே 3.5 சதவீதம். டீச்சரின் வைப்புத்தொகை முதிர்ந்து 60,000 ரூபாய் மே 11 அன்று கணக்குக்கு வந்து, ஜூலை 28 அன்று வெளியே போயிருந்தது. 78 நாட்கள். அந்தப் பணத்துக்குப் புதிய முறையில் ஏறத்தாழ 449 ரூபாய் வர வேண்டும். பழைய முறையில் மே மாதத்துக்கும் ஒன்றுமில்லை, ஜூலைக்கும் ஒன்றுமில்லை. ஜூனுக்கு மட்டும் 175. அவருக்கு விழுந்திருந்தது அந்த 175தான்.

இந்தத் தப்பு வந்தது இரண்டு குறுந்தகடுகளால். எங்களுடையது அப்போதும் ஒரே மையக் கணினிக்கு மாறியிராத சிறிய வங்கி. கிளைக்குக் கிளை தனி சர்வர், தனி பேக்கேஜ். திருத்தங்களை மென்பொருள் நிறுவனம் கூரியரில் அனுப்பும். அந்தச் செப்டம்பரில் ஒரே உறைக்குள் இரண்டு தகடுகள் வந்தன. கடிதம் இல்லை. எதை முதலில் ஏற்ற வேண்டும், எதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. மார்க்கர் பேனாவால் ஒன்றில் ‘ஃபைனல் 11/06/10’ என்றும், மற்றதில் ‘எஸ்பி 09/05/10’ என்றும் கிறுக்கியிருந்தார்கள். ஃபைனல் என்றால் எதன் முடிவு? எஸ்பி என்றால் சேமிப்பில் எந்தப் பகுதி?

நான் படித்த விதம் இது: ஒன்று மே 9ஆம் தேதித் தகடு, இன்னொன்று ஜூன் 11ஆம் தேதியது. செப்டம்பர் மாதத்தில் கையில் இருக்கும் 11/06, ஜூன் 11ஆகத்தான் இருக்க முடியும், நவம்பராக இருக்க முடியாது. அப்படியானால் மற்றதும் நாள், மாதம் என்ற வரிசையில்தானே இருக்கும்? உள்ளே கோப்புகளின் தேதியையும் பார்த்தேன். இரண்டிலும் ஒரே நாள் காட்டியது. முந்தையதை முதலில் ஏற்று, பிந்தையதை மேலே ஏற்று என்பதுதான் நாங்கள் பழகிய முறை. அப்படியே செய்தேன்.

ஆனால் இரண்டையும் எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். 09/05 என்பது செப்டம்பர் 5. புதிய வட்டி நிரல் அதில்தான் இருந்தது. அதன் மேல் ஜூன் மாதத் தகட்டை ஏற்றி, வந்த திருத்தத்தை நானே அழித்துவிட்டேன்.

பிற்பாடு மென்பொருள் நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் பேசிய பையனிடம், ஏன் மாதத்தை முதலில் எழுதினீர்கள் என்று கேட்டேன். “கம்ப்யூட்டரில் அப்படித்தானே சார் வருகிறது” என்றான். அவன் குரலில் அலட்சியம் இல்லை. உண்மையிலேயே அவனுக்கு அது ஒரு விஷயமாகப் படவில்லை. எனக்குத்தான் கை நடுங்கியது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் குழப்பமே வராது என்று சர்வதேசத் தர அமைப்பு 1988இலேயே வகுத்துவிட்டது. அதுகூட வேண்டாம். மாதத்தின் பெயரை எழுத்தில் எழுத எத்தனை நொடி ஆகும்? ஆயிரக்கணக்கானவர்களின் பணத்தைக் கணக்குப் போடும் நிரலை, கல்யாண வீடியோ தகட்டில் எழுதும் அளவுக்குக்கூட எழுதாமல் அனுப்புகிறார்கள். இந்தக் கோபம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனாலும் தகடுகளைப் பற்றி எவ்வளவு பேசினாலும் மனம் அந்தக் கவுன்டருக்கே திரும்பிவிடுகிறது.

வட்டி ஏற்றிய செப்டம்பர் 30, அயோத்தி வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள். பஸ் ஓடுமா, எங்காவது கலவரம் வருமா என்று காலையிலிருந்தே எல்லோரும் கலங்கியிருந்தார்கள். வேலையை முடித்துச் சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதே பேச்சாக இருந்தது. அரையாண்டு முடிவு வேறு. நிறுவனத்துக்குத் தொலைபேசியில் இரண்டு முறை முயன்றேன், கிடைக்கவில்லை. மூன்றாம் முறை முயலவில்லை. மேலாளர் “வட்டி ஏறிவிட்டதா?” என்றார். “ஏறிவிட்டது சார்” என்றேன். அதுவும் பொய்யில்லை.

பேரேடு காலத்தில் ஒருவர் வட்டி போட, இன்னொருவர் பென்சிலால் டிக் அடித்துச் சரிபார்ப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகள் அந்தப் பென்சில் வேலையைத்தான் செய்தேன். கணினி வந்த பிறகும் பத்துக் கணக்குகளையாவது கையால் போட்டுப் பார்ப்போம். அன்று ஒன்றைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டுப் பார்த்தவர் டீச்சர்.

என்னைத் தொந்தரவு செய்கிற கேள்வி இதுதான்: அந்தப் பதிலைச் சொன்னபோது எனக்குச் சந்தேகம் இருந்ததா, இல்லையா? இல்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். கூட்டம் அதிகம், தினமும் நாலு பேர் வட்டி குறைவு என்று வருவார்கள், எல்லோருக்கும் சொல்லும் பதிலைச் சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் சந்தேகமே இல்லை என்றால், மாலை நாலு மணிக்குக் கவுன்டர் மூடியதும், குப்பையில் போட வேண்டிய அந்தத் தாளை ஏன் முதல் வேலையாக எடுத்துப் பார்த்தேன்? தகடு, உறை, இரண்டு விதமான கையெழுத்து எல்லாம் அவர் “பழையபடி” என்று சொன்ன நொடியிலேயே கண்முன் வந்ததாக இப்போது தோன்றுகிறது. உண்மையில் வந்ததா, பின்னால் நான் சேர்த்துக்கொண்டதா, பிரித்தறிய முடியவில்லை.

பிழையை மறைக்கவில்லை. அன்று மாலையே மேலாளரிடம் சொன்னேன். மறுவாரம் சரியான நிரலை ஏற்றி, எல்லாக் கணக்குகளுக்கும் வித்தியாசத்தை வரவு வைத்தோம். நிறுவனத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன்: பதிப்பு எண் வேண்டும், மாதம் எழுத்தில் வேண்டும், எதன் மேல் எதை ஏற்றுவது என்று அச்சிட்ட தாள் வேண்டும். அடுத்த மார்ச் மாதம் வந்த தகட்டில் அச்சிட்ட தாள் இருந்தது. அந்தக் கடிதத்தில், ஒரு கணக்கைக்கூட நான் கையால் சரிபார்க்கவில்லை என்று எழுதவில்லை. அது அவர்களுக்குத் தேவையில்லாத செய்தி என்று அப்போது நினைத்தேன்.

நவம்பரில் டீச்சர் வந்தார். பாஸ்புத்தகத்தைப் பதிந்து கொடுத்தேன். ஒரு வரியின் மேல் விரலை வைத்து, “இது என்ன சார், 274 ரூபாய்?” என்று கேட்டார்.

“வட்டி பாக்கி டீச்சர்.”

“பரவாயில்லையே, நான் மறுபடி கேட்காமலே போட்டிருக்கிறீர்களே. ரொம்ப நன்றி சார்.”

அவருடைய தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. திறந்தேன். அதற்குள் அடுத்தவர் டோக்கனை நீட்டிவிட்டார்.